கணக்கில் ஒரு வரி: மதுரைச் சௌராஷ்டிரரும் கரைதலின் வரலாறும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணையில், குஜராத்தி என்னும் பெருந்தலைப்பின் கீழ்ச் சில உட்பிரிவுகள் வரிசையாக இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று சௌராஷ்டிரம். 2001ஆம் ஆண்டு அட்டவணையில் அவ்வரிக்கு நேரே காணப்படும் எண் 1,85,420. 2011இல் அது 2,47,702. குஜராத்தியின் உட்பிரிவாக எண்ணப்படும் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்வது குஜராத்தில் அன்று; மதுரையிலும் பரமக்குடியிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும்தான். தமிழ்நாட்டின் ஒரு நகர்சார் சிறுபான்மையின் தாய்மொழி, அதன் பேச்சாளர் பார்த்தறியாத ஒரு மாநிலத்தின் மொழிக் கணக்கில் சேர்ந்து, நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட குஜராத்தி பேசுவோரின் தொகைக்குள் மறைந்துவிடுகிறது.

இந்த இரண்டு எண்களையும் சற்று உற்று நோக்குதல் தகும். பத்தாண்டுகளில் ஏற்பட்ட உயர்வு ஏறத்தாழ 33 விழுக்காடு. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை வளர்ந்தது 15.6 விழுக்காடு மட்டுமே. நகரங்களில் வாழ்ந்து, கல்வியிலும் முன்னேறிய ஒரு சமூகம் மாநிலச் சராசரியைப்போல் இருமடங்கு பெருகியிருக்க வாய்ப்பில்லை. எனவே இவ்வெண்கள் பிறப்பைக் காட்டிலும் விடையையே அளக்கின்றன எனக் கொள்ளலாம். கணக்கெடுக்க வந்தவர் தாய்மொழி எதுவென வினவியபோது, முன்னர்த் தமிழ் என்று கூறிய சில குடும்பங்கள் பின்னர்ச் சௌராஷ்டிரம் என்று கூறியிருக்க வேண்டும். அல்லது எழுதியவர் வேறு விதமாக எழுதியிருக்க வேண்டும். வாசற்படியில் நின்றவாறு சொல்லப்படும் ஒற்றைச் சொல்லில் அறுபதினாயிரம் பேர் தோன்றவும் மறையவும் கூடும். சமூகத் தலைவர்கள் கூறும் தொகையோ இவ்விரண்டினும் பன்மடங்கு பெரிது.

மதுரையில் இம்மக்களை அறியாதார் இலர். திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்கள், முனிச்சாலை, காமராசர் சாலை, நகருக்குப் புறத்தே நிலையூரை அடுத்த கைத்தறி நகர் எனப் பரந்து வாழ்பவர்கள். பட்டுநூல்காரர் என ஊரார் அழைத்தவர்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் புள்ளியிட்டவர்கள். மதுரைக் காந்தி எனப் போற்றப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன் இச்சமூகத்தவர். தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாகப் பலரும் எடுத்துக்காட்டும் டி.எம். சௌந்தரராஜனின் வீட்டுமொழியும் இதுவே. பிறமொழி பேசும் ஒரு வீட்டிலிருந்துதான் தமிழகம் தன் மொழியின் செவ்விய ஒலிப்பைக் கேட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இவர்கள் எப்படி இங்கு வந்தனர்? இவ்வினாவுக்கு இன்று பரவலாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. 1025-26இல் கஜ்னி மஹ்மூது சோமநாதர் ஆலயத்தைத் தாக்கினான். அதற்கு அஞ்சிய நெசவாளர் தெற்கு நோக்கி ஓடிவந்தனர் என்பதே அது. பிற்காலச் சமூக வரலாற்று நூல்கள் பலவும் மேடைப் பேச்சுகளும் இதனை ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே வழங்குகின்றன. மஹ்மூதின் படையெடுப்பு வரலாற்று உண்மை. அதன் கொடுமையை மூடி மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் அந்தப் படையெடுப்புக்கும் இந்தப் புலப்பெயர்வுக்கும் இடையே உள்ளதாகச் சொல்லப்படும் காரண காரியத் தொடர்பு ஆராயப்பட வேண்டியது.

இச்சமூகத்தின் மரபே இதற்குத் தக்க சான்று. திருமணச் சடங்கின்போது மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வினாவும் விடையுமாக ஓதிவந்த வாசகங்களைப் பிரித்தானிய ஆட்சிக்கால ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. அவற்றில் சௌராஷ்டிரம், தேவகிரி, விஜயநகரம், மதுரை என்னும் வரிசையில் முன்னோர் வந்த வழி நினைவுகூரப்படுகிறது. இனி ஆண்டுகளை வைத்துப் பார்ப்போம். தேவகிரி யாதவர் தலைநகராயிற்று என அறிவது பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஐந்தாம் பில்லமனின் காலத்தில், 1187ஐ ஒட்டி. சோமநாதத் தாக்குதலுக்கும் அதற்கும் இடையே நூற்றறுபது ஆண்டுகள் உள்ளன. விஜயநகரம் எழுந்தது 1336இல். மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது பதினாறாம் நூற்றாண்டில். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அஞ்சி ஓடுவோர் மறைவிடம் தேடுவர். இம்மக்களோ ஒவ்வொரு காலத்திலும் புதிதாக ஓங்கிய தலைநகரையே தேடிச் சென்றுள்ளனர். அரசவை எங்கு உண்டோ அங்குப் பட்டுக்கு விலை உண்டு; கோயில் எங்கு பெருகுகிறதோ அங்குப் பரிவட்டத்துக்கும் திருவாபரணத் துணிக்கும் தேவை உண்டு. அச்சம் காட்டிய வழி என்பதைவிடத் தறி தேடிய வழி என்பதே இதற்குப் பொருந்தும்.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது மந்தசோர் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே கதிரவனுக்குக் கோயில் எடுத்ததையும், பின்னர் அதனைப் புதுப்பித்ததையும் அது கூறுகிறது. அதன் காலம் கி.பி. 473. மஹ்மூதுக்கு ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்டது. மதுரைச் சௌராஷ்டிரருள் பலர் இக்குழுவையே தம் முன்னோராகக் கொள்வர். லாடம் வேறு, சௌராஷ்டிரம் வேறு. இடையிலுள்ள நூற்றாண்டுகளை இணைக்கும் சான்று வலுவானதன்று. எனவே அவ்வளவு தூரம் செல்ல நமக்குத் துணிவில்லை. எனினும் பட்டு நெசவாளர் கூட்டம் கூட்டமாக இடம்பெயர எவரும் வாளெடுத்து வர வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய சான்று. அக்கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. புதிய ஊருக்கு வந்த அந்நெசவாளருள் சிலர் வில்வித்தைக்கும், சிலர் கதைசொல்லலுக்கும், சிலர் சோதிடத்துக்கும் மாறினராம். கரைதல் அன்றே தொடங்கிவிட்டது!

சோமநாதத்தைப் பற்றியும் ஒரு சொல். வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் 2004இல் வெளியிட்ட தம் நூலில் அந்நகரைக் குறித்த பல்வேறு குரல்களையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்துள்ளார். அவற்றுள் 1264ஆம் ஆண்டுக்குரிய வேராவல் கல்வெட்டு நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. ஹோர்முஸ் துறைமுகத்தைச் சேர்ந்த நூருத்தீன் ஃபீரோஸ் என்னும் கப்பல் வணிகர், அவ்வூர்ப் பெரியோரின் இசைவுடனும் துணையுடனும் நிலம் பெற்றுப் பள்ளிவாசல் கட்டியதை அது சமஸ்கிருதத்திலும் அரபியிலும் பதிவு செய்கிறது. மஹ்மூதின் தாக்குதலுக்கு 240 ஆண்டுகளுக்குள் அதே ஊரில் நிகழ்ந்தது இது. ஒரு தாக்குதலை மட்டும் நினைவில் நிறுத்தி, ஓர் உடன்படிக்கையை மறந்துவிடும் வரலாறு அரைகுறை வரலாறே.

மதுரைக்கு வந்த பின்னர் நேர்ந்தது என்ன? இங்கே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம். சௌராஷ்டிர மொழியை எந்த அரசும் தடை செய்யவில்லை. எந்தப் பெரும்பான்மையும் அதனைப் பேசியவர் நாவை அடக்கவில்லை. இச்சமூகம் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட்ட போராட்டம் வேறொன்று. அது சடங்குத் தகுதிக்கான போராட்டம்.

ராணி மங்கம்மாளின் ஆட்சியில், 1705ஆம் ஆண்டளவில், உபாகர்மம் என்னும் பூணூல் புதுப்பிக்கும் சடங்கைச் செய்ததற்காகச் சௌராஷ்டிரர் பதினெண்மர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அந்தணருக்குரிய சடங்கை நெசவாளர் செய்யலாமா என்பதே வழக்கு. அரசி சாத்திரம் வல்லோரை அழைத்துக் கேட்டு, அவர்களுக்கு அவ்வுரிமை உண்டென ஓலை எழுதி அளித்தாள். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய தொகுதிகளில் இச்செய்தி இடம்பெறுகிறது. பின்வந்த தலைமுறைகள் அந்த ஓலையை மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்ட நேர்ந்தது. ஐயர், பாகவதர் போன்ற பட்டங்கள் பெயரோடு சேர்ந்தன, கோத்திரங்கள் வகுக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)' என்னும் பெயர் உள்ளது. ஓலையில் அந்தணராயினர், பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராயினர். இரண்டும் அச்சமூகம் வேண்டிப் பெற்றவையே. ஒன்று மதிப்புக்கு, மற்றொன்று வாய்ப்புக்கு. இதில் ஏளனத்துக்கு இடமில்லை. படிநிலைகள் நிறைந்த ஊரில் புதிதாகக் குடியேறியவன் தனக்கொரு படி தேடாமல் வாழ முடியாது.

தோற்றவர் வென்றவரின் உடையையும் வழக்கங்களையும் பின்பற்ற விழைவர் என இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எழுதினார். எம்.என். சீனிவாஸ் 1952இல் சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்தை முன்வைத்தபோது, இந்தியச் சாதியமைப்பில் அது நிகழும் விதத்தை விளக்கினார். இங்கே பின்பற்றப்படுபவன் போரில் வென்றவனாக இருக்க வேண்டியதில்லை, சடங்கில் உயர்ந்தவனாக இருந்தால் போதும். மதுரைச் சௌராஷ்டிரர் விஷயத்தில் இவ்விரு கருத்துகளும் விளக்காமல் விடும் ஒன்று உள்ளது. அவர்கள் எந்த உயர்வை நாடினார்களோ அதன் மொழி சமஸ்கிருதம். எந்தச் சந்தையில் வாழ்ந்தார்களோ அதன் மொழி தமிழ். அரசு அலுவலுக்கு ஆங்கிலம். கருவறைக்கும் கடைக்கும் கச்சேரிக்கும் தேவைப்படாத தாய்மொழி அடுக்களைக்கும் தறிமேடைக்கும் உரியதாயிற்று. கைத்தறி நலிந்து, மக்கள் வேறு தொழில்களுக்குச் செல்லத் தொடங்கியபின் தறிமேடையும் அதனிடமிருந்து நழுவியது.

மொழிக்காக உழைத்தவர்கள் இல்லாமற் போகவில்லை. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843-1914) இம்மொழியில் பாடிய பக்திப் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி.எம். ராமராய் சௌராஷ்டிர எழுத்துக்கு அச்சு வடிவம் தந்து பாடநூல்கள் வெளியிட்டார். ஆனால் எழுத்து எதுவாக இருக்க வேண்டும் என்பதில் அன்று எழுந்த பிணக்கு இன்றும் தீரவில்லை. பழைய எழுத்தே வேண்டும் என்பார் ஒரு சாரார். தேவநாகரி போதும் என்பார் மற்றொரு சாரார். பெரும்பான்மையோர் தமிழ் எழுத்திலேயே எழுதுகின்றனர். தமிழ் எழுத்தில் க என்னும் ஒரே வடிவம் அவர்களுடைய நான்கு ஒலிகளைச் சுமக்க வேண்டியுள்ளது. அதற்காக எழுத்தின் தலைமேல் எண்களை இடுகின்றனர். அதனினும் நுட்பமான ஒன்று உண்டு. மூச்சு கலந்து ஒலிக்கும் ன, ம, ர, ல ஆகியவை இம்மொழிக்குரிய தனியொலிகள். அவற்றைக் காட்டச் சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்னும் தனிக்குறி உண்டு. 2008இல் ஒருங்குறியில் சௌராஷ்டிர எழுத்து சேர்க்கப்பட்டபோது ஹாருவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கணினி அதனை அறியும். மதுரையின் சௌராஷ்டிர இளைஞருள் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு கேள்வி.

இவ்விடத்தில் அரபுத்தமிழ் நம் நினைவுக்கு வராமல் இராது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் மார்க்கச் சட்டத்தையும் ஆன்மிகத்தையும் அவ்வெழுத்தில்தான் எழுதினர். மகளிர் அதில்தான் கற்றனர். இருபதாம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்தது. பாட்டி ஓதிய ஏட்டைப் பேரன் படிக்க இயலாத நிலை நம் வீடுகளிலும் ஏற்பட்டது. எனினும் நாம் இழந்தது எழுத்தை மட்டுமே. அதன் உள்ளே இருந்த மொழி ஊர்மொழியாகவே இருந்தமையால் தப்பிப் பிழைத்தது. சௌராஷ்டிரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுத்தைத் தொடர்ந்து பேச்சும் போகுமாயின் அதனை ஏந்திக்கொள்ள அருகில் வேறு நிலம் இல்லை.

இலக்கியத்துக்கு வருவோம். இச்சமூகம் தந்த தலைசிறந்த எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் (1920-2000). கும்பகோணத்தில் சரிகை வணிகம் செய்தவர். பதினாறு வயதில் மணிக்கொடியில் எழுதத் தொடங்கியவர். 'காதுகள்' நாவலுக்காக 1993இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர். அவருடைய 'வேள்வித் தீ' (1975) சௌராஷ்டிர நெசவாளரின் வாழ்வைத் தமிழில் நிலைநிறுத்திய நாவல். தறியும் கூலியும் முதலாளியும் குடும்பமும் பின்னிக் கிடக்கும் உலகம் அதில் உண்டு. நம் திறனாய்வாளர் பெரும்பாலும் அதனை நெசவாளர் நாவல் என்றோ ஆண்-பெண் உறவின் சிக்கலைச் சொன்ன நாவல் என்றோ பாராட்டி நின்றுவிடுகின்றனர். அம்மக்கள் எந்த மொழியில் சினந்தனர், எந்த மொழியில் அழுதனர் என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. எழுத்தாளர் உள்ளத்தில் ஒரு மொழி, தாளில் ஒரு மொழி. இடையில் நிகழ்ந்த மொழிபெயர்ப்பு அத்தனை செம்மையாக நிகழ்ந்துவிட்டதால் அது நிகழ்ந்ததே நமக்குத் தெரியவில்லை. இதனை வெங்கட்ராமின் குறையாகக் கூறவில்லை. வாசகர் இருக்கும் மொழியில் எழுதுவதே எழுத்தாளர் செய்யக்கூடியது. ஆனால் கரைதலின் நிறைவு எங்கே நிகழ்கிறது என்பதற்கு, தன்னைப் பற்றிய மிகச் சிறந்த நூலையே ஒரு சமூகம் பிறர் மொழியில் பெற்றுக்கொள்வதைக் காட்டிலும் தெளிவான அடையாளம் உண்டா? பின்னர் சாகித்திய அக்காதெமி சௌராஷ்டிர மொழி எழுத்தாளர்களுக்கும் பாஷா சம்மான் வழங்கிச் சிறப்பித்தது. அந்நூல்கள் மதுரைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

சிறுபான்மை மொழி கரைவதற்கு மதமோ சாதியோதான் காரணம் என எண்ணிவிடலாகாது. ஒரே மார்க்கத்தவரிடையிலும், ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவோரிடையிலும் இது நிகழும். காஸ்பியன் கடலோரத்தில், அஸர்பைஜானின் தென்கோடியில் லங்கரான், அஸ்தாரா, லெரிக் பகுதிகளில் வாழும் தாலிஷ் மக்களின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. அவர்கள் மொழி பாரசீகத்தோடு உறவுடைய ஈரானிய மொழி; சூழ்ந்துள்ள பெரும்பான்மையின் மொழி துருக்கிய இனத்து அஸர்பைஜானி. இரு சாராரும் முஸ்லிம்கள். இரு சாராரிலும் ஷீஆ பிரிவினரே மிகுதி. 1926இல் சோவியத் கணக்கெடுப்பு தாலிஷ் மக்கள் எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் எனக் கண்டது. 1959ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 85 பேர். போரோ கொள்ளைநோயோ அவர்களைக் கொண்டுபோகவில்லை. அஸர்பைஜானியர் என்று எழுதப்பட்டனர், அவ்வளவே. 1989இல் இருபத்தோராயிரம் பேர் மீண்டும் 'தோன்றினர்'. சோவியத் ஒன்றியம் குலைந்தபின், 2009இல் அத்தொகை ஒரு லட்சத்துப் பன்னீராயிரம் ஆயிற்று. அதே 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில், தாலிஷ் மொழி ஆய்வாளரும் 'தோலிஷி சதோ' இதழின் ஆசிரியருமான நவ்ரூஸலி மம்மதோவ், தேசத்துரோகக் குற்றச்சாட்டில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த நிலையில் இறந்தார்.

இரு வரலாறுகளும் ஒன்றல்ல. தாலிஷ் மொழியை நேசித்தவர் சிறைக்குச் சென்றார். சௌராஷ்டிர மொழியை நேசித்தவருக்கு விருது கிடைத்தது. இவ்வேற்றுமையைச் சிறிதாக எண்ணுவது நேர்மையாகாது. மதுரை தன் நெசவாளர்க்கு அளித்த அமைதி பெரிது. ஆனால் இரண்டிடத்தும் பொதுவான ஒன்று உண்டு. மக்கள் இருக்கும்போதே அவர்களைப் பிறிதொரு பெயரின் கீழ் எழுதிவிடும் வழக்கமே அது. இலங்கைச் சோனகரின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைத் தமிழரே என எழுதியபோதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூல் எழுதியபோதும் வழக்கு இதுவே: ஒரு சமூகத்துக்குப் பெயரிடும் உரிமை யாருடையது?

அவ்வுரிமை இன்று மதுரைச் சௌராஷ்டிரரிடமிருந்து வேறொரு வழியில் நழுவிக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் 'சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம்' என்னும் விழா குஜராத்தில் அரசு ஆதரவோடு நடைபெற்றது. மதுரை உள்ளிட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தனி ரயில்களில் சோமநாதத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முன்னோர் பூமி எனத் தாம் கேட்டறிந்த மண்ணைக் கண்டு அவர்கள் நெகிழ்ந்தது இயல்பே. எவரும் அதில் குறைகாண முடியாது. ஆனால் அவ்விழாவில் அவர்களது நெடும்பயணத்துக்குக் காரணமாக எடுத்துரைக்கப்பட்டவை அந்நியப் படையெடுப்புகள். தேவகிரிச் சந்தையும் விஜயநகரத்து அரண்மனையும் நாயக்கர் அழைப்பும் பின்னுக்குச் சென்றன. நானூறு ஆண்டுகளாக மதுரையில் குடியிருக்கும் ஒரு சமூகம் அகதிச் சமூகமாக மறுவார்ப்பு செய்யப்படுகிறது. காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்துவந்த முஸ்லிம்களோ, அவர்களைத் துரத்தியவனின் வழித்தோன்றல்களாக மறைமுகமாகச் சுட்டப்படுகின்றனர்.

மொழி கரைவதைவிட இது ஆழமான கரைதல். முன்னதில் சொற்கள் போயின. இதில் நினைவே பிறருடையதாகிறது. திருமண வாசகங்களில் ஊர்ப்பெயர்களின் வரிசை ஒன்று உண்டு என்றோம். அவ்வரிசையில் மதுரை கடைசியாக வருகிறது. ஓதியவர்கள் அதற்குப்பின் வேறோர் ஊரின் பெயரைச் சேர்க்கவில்லை. தொடங்கிய ஊருக்குத் திரும்புவதாகவும் சொல்லவில்லை.